ஆவிப்பெட்டிக்குள் இரும்புத் தும்பி

ஒரு நொடிகூட மின்சாரம் நிற்கக்கூடாது. என் மனைவிக்கும் தெரியக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளோடு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு இருந்த ஒரு விளையாட்டு மேசையைக் கடைத்தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கொண்டுவருவது என்று நான் முடிவெடுத்தேன். எவ்வளவோ பேர் எவ்வளவோ பெரிய மலையெல்லாம் ஏறிக் கொடி நட்டிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் கினுயே மனைவியாக வாய்க்கவில்லை.

எங்களுக்கு ஜப்பானில், அமாகசாக்கியில் முடிதிருத்தும் கடை. நான் முடி வெட்டுவேன், கினுயே சவரம் செய்வாள். அவள் கையில் கத்தி இருக்கும்போது எவனும் தும்ம மாட்டான். வாடிக்கையாளர்கள் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, அவள் சொல்வதற்கெல்லாம் "ஆமாம்மா" என்பார்கள். நான் கழுத்தை நீட்டாமலே சொல்வேன். மற்றபடி அவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடைகளுக்கெல்லாம் திங்கட்கிழமை விடுமுறை. அன்று காலையில் கினுயே பூ வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போவாள். மதியம் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பொதுக் குளியலறைக்குப் போகிறேன் என்று கிளம்புவேன். அவள் போவது எங்கள் மகன் நவோவின் கல்லறைக்கு. நான் போவது குளியலறைக்கு அல்ல.

நவோ எங்களுக்கு ஒரே பிள்ளை. முழுப்பெயர் நவோமிச்சி. முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய்த்ததில்லை, அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பான். இருபத்தோரு வயதில், ஒரு மழைநாளில், பைக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். பாலத்துக்குப் பக்கத்துத் திருப்பத்தில் லாரி வந்தது. இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. கினுயே இன்றும் என்னை "நவோ அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லவும் முடியவில்லை, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கவும் முடியவில்லை.

கல்லறைக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. கல்லில் அவன் பெயரைப் பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவேன். அதனால் அவன் பெயரை வேறோர் இடத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நுமாதா அண்ணனின் விளையாட்டுக்கூடம். அங்கே கழிப்பறைக்குப் பக்கத்து மூலையில், அதிகம் பேர் சீண்டாமல், 'இரும்புத் தும்பி' என்று ஒரு மேசை இருந்தது, மேல்பலகையில் கண்ணாடித் திரை பதித்த வீடியோ விளையாட்டு மேசை.

நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதைச் செய்தவர்களே வெளியில் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. காசு போட்டு, குச்சியைப் பிடித்து ஆட்டி, பொத்தானைத் தட்டித் தட்டி, ஒரு தும்பியை ஓட்டிக்கொண்டு எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். அந்தத் தும்பி இருக்கிறதே, தின்று கொழுத்த தும்பி. பாதித் திரை அதுவே. எதிரி குறிபார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் இதன் வயிற்றில்தான் படும். முதல் கட்டத்தில் பின்னணி முழுக்கச் செர்ரிப் பூ. எதிரியின் குண்டும் அதே இளஞ்சிவப்பு. எது பூ, எது குண்டு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கதை முடிந்திருக்கும். அதையும் தாண்டினால், இரண்டாம் கட்டத்தின் கடைசியில் வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு தேநீர்க் கெண்டி வரும். ஆமாம், கெண்டிதான். அதன் மூக்கிலிருந்து கொதிநீர் குண்டு குண்டாகக் கொட்டும். அந்தக் கெண்டியைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. அடுத்தவனெல்லாம் விண்கப்பலிடம் தோற்பான், அரக்கனிடம் தோற்பான். நான் வாராவாரம் ஒரு சமையலறைச் சாமானிடம் தோற்றேன். "வீட்டுல இருக்கற நிலவரம்தான் இங்கயும்," என்பார் நுமாதா அண்ணன்.

ஆனால் அந்த மேசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குண்டுகள் அளவுக்கு மீறி வந்துவிட்டால் அதற்கே மூச்சு முட்டும். உடனே எல்லாம் மெதுவாகிவிடும். குண்டுகள் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி வரும். நகர்ந்துகொள்ள நமக்கு நேரம் கிடைக்கும். செய்தவர்கள் கணக்குத் தெரியாமல் செய்த பிழை அது என்று விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. பக்கத்தில் இருந்த பெயர்பெற்ற விளையாட்டுகள் எதற்கும் அந்த இரக்கம் கிடையாது. அவை பாட்டுக்குக் கொன்றுவிட்டு அடுத்த காசைக் கேட்கும்.

இன்னொரு பிழை. புள்ளிகளை எண்ணுகிற இடத்தில் ஆறு கட்டம்தான். ஆறும் ஒன்பதாகிவிட்டால் அதற்குமேல் எண்ணத் தெரியாமல் அப்படியே நின்றுவிடும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் ஆடினாலும் அதே ஆறு ஒன்பதுதான். பிறகு எவன் ஆடுவான்? கெட்டிக்காரர்கள் அதைத் தொடுவதே இல்லை.

ஆட்டம் முடிந்ததும், ஓரளவு ஆடியவர்கள் தங்கள் பெயரை மூன்று ஆங்கில எழுத்தில் பதிந்துகொள்ளலாம். நவோ இறந்த வருடம், குளியலறைக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தபோது அந்தப் பட்டியலைப் பார்த்தேன். உச்சியில், ஆறு ஒன்பதுகளுக்குப் பக்கத்தில், மூன்று எழுத்து. என், ஏ, ஓ. நவோ. கெண்டியைத் தாண்டி, அதற்குப் பிறகு என்னென்ன உண்டோ அத்தனையும் தாண்டி, எண்ணிக்கையே நின்றுபோகிற இடம்வரை போயிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் முதல் ஓவியம்வரை எதிலும் கடைசியில் நின்ற பிள்ளை. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, ராத்திரி கடை சாத்தும்போது இதை அணைச்சா பேரு அழிஞ்சிடாதா?"

நுமாதா அண்ணன் தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். "இதை மட்டும் அணைக்கறதில்லப்பா. சுவிட்சு கெட்டுப்போச்சு. அணைச்சா மறுபடி எரியாது."

"ஒருநாள்கூட அணைக்கறதில்லையா?"

"ஒருநாள்கூட."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. நல்ல மனிதர், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கினுயேவிடம் இதைச் சொல்லவில்லை. நவோ இருந்தவரை அந்தக் கூடத்துக்குள் புயலாக நுழைந்து, அவன் காதைப் பிடித்துக் கடைத்தெரு முழுக்க இழுத்து வந்தவள் அவள். அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே அவள் முகம் இறுகிப்போகும். ஆறாத புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? அவளுக்குக் கல்லறை, எனக்குத் தும்பி என்று வருடங்கள் ஓடின.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் தகராறு செய்ய ஆரம்பித்தது. மடக்கினால் நிமிராது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். சவரக்கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

"எப்படி வந்துச்சு இது?"

"கல்லறையில களை பிடுங்கிப் பிடுங்கி வந்துச்சு."

"அவ்வளவாவா களை?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் வந்து பாத்தீங்களா?"

சவரத்தையும் நானே செய்ய ஆரம்பித்தேன். அந்த மாதம் எங்கள் கடையிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் முகத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு போனார்கள்.

நவம்பரில் நுமாதா அண்ணன் குண்டு போட்டார்.

"பழசையெல்லாம் எடுத்துட்டு, பொம்மை பிடிக்கற இயந்திரமா வைக்கணும்னு மருமகன் ஒத்தக்கால்ல நிக்கறான். தும்பி உனக்கு வேணுமா? சும்மாவே எடுத்துட்டுப் போ."

"எடுத்துக்கறேண்ணே. ஆனா அணைக்காம எடுக்கணும்."

வாயில் இருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தார். "என்னது?"

"பிளக்கைப் பிடுங்கினா பேரு போயிடும்ல?"

"போகும்... ஆமா, போயிடும்."

"அப்போ பிடுங்காம எடுக்கணும்."

"இவாவோ, இது மேசைடா. மீனா, உயிரோட தூக்கிட்டுப் போக?"

"இத்தனை வருசமா அணைக்காம காப்பாத்துனவரு நீங்க. இன்னைக்குக் கைவிட்டுடுவீங்களா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "தள்ளுவண்டி கறிக்கடையில இருக்கு, கேட்டுட்டு வரேன்," என்று எழுந்து போனார்.

எங்களிடம் முடி வெட்டிக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் ஒருவன் உண்டு. உயிருள்ளவரை அவனுக்கு இலவசமாக முடி வெட்டுவதாக ஒத்துக்கொண்டேன். பாதி மண்டை வழுக்கை, எனக்கு நஷ்டமில்லை. கினுயே காலையில் கல்லறைக்குப் போய்விட்டு, அங்கிருந்தே ஹிமேஜியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு திங்கட்கிழமை மதியம், அவன் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வயரோடு வயரை முறுக்கி, ஒரு லாரி பேட்டரிக்கு மாற்றினான். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது. பெயர் அப்படியே இருந்தது.

தள்ளுவண்டியில் மேசை. மேசைமேல் போர்வை. கீழே பேட்டரி. முன்னால் நான், பின்னால் நுமாதா அண்ணன், பக்கவாட்டில் வயர்களைத் தாங்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன். கடைத்தெருவே ஒதுங்கி வழிவிட்டது. மீன்கடைக்காரர் ரப்பர் காலணியோடு வெளியே வந்து, வயர்களையும் போர்வையையும் என் முகத்தையும் பார்த்தார்.

"அடடா. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"நம்ம வீட்டுப் பையனுக்குத்தான்," என்று வாயில் வந்துவிட்டது.

அவருக்கு நவோவைத் தெரியும். அவன் போனதும் தெரியும். ஒன்றும் புரியாமல், "பொழைச்சுக்குவான்ல?" என்று கேட்டார்.

"பிளக்கைப் பிடுங்காம இருந்தா பொழைச்சுக்குவான்."

பின்னால் நுமாதா அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கடைக்குப் பின்னால், துண்டுகள் அடுக்கும் சின்ன அறையில் மேசையை இறக்கினோம். சுவர் மின்சாரத்துக்கு மாற்றினோம். வெள்ளைத் துணியால் மூடினேன். சாயந்திரம் கினுயே வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நவோ அப்பா."

"ம்?"

"துண்டு ரூம்ல என்ன அது?"

"ஆவிப்பெட்டி. துண்டு சூடு பண்றது. புது மாடல்."

"இருக்கற பெட்டி நல்லாத்தானே இருக்கு?"

"அது பழசாயிடுச்சு."

"நானும்தான் பழசாயிட்டேன். இது ஏன் பாடுது?"

உள்ளே தும்பி தன் பாட்டுக்கு ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது.

"சூடு ஏறிடுச்சுன்னா பாடும்."

"சுடற சத்தம் கேக்குதே?"

"துண்டுல இருக்கற கிருமியச் சுடுது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சவரத்துக்கு உட்கார்ந்தவனின் தாடையைப் பார்க்கிற அதே பார்வை. "நல்ல பெட்டி," என்றாள். "கிருமி திருப்பிச் சுடாம இருந்தா சரி."

"துணியத் தூக்கிடாதே. சூடு போயிடும். பிளக்கை மட்டும் தொடவே தொடாதே. கம்பெனிக்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

குளியலறைப் பொய்யை விட்டால், கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் ஏமாற்றியது அதுவே முதல்முறை. அந்த மிதப்பில் இன்னொரு கிண்ணம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதன் பிறகு தினமும் காலையில் வாசலைப் பெருக்கி, கடைக்கு வெளியே சுழலும் வண்ணக்கம்பத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்ததும், துணியை ஓரமாகத் தூக்கிப் பார்ப்பேன். உச்சியில் இருப்பான். "இன்னைக்குக் குளிரு ஜாஸ்தி நவோ," என்பேன். அவன் உயிரோடு இருந்தபோதுகூட ஒரே வீட்டில் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவன் இருந்ததில்லை.

வருடத்தின் கடைசி நாள் எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் பெருந்துப்புரவு நடக்கும். பழைய வருடத்தின் தூசி ஒன்றுகூடப் புது வருடத்துக்குள் போகக்கூடாது. அன்றைக்குக் கணவர்களுக்கெல்லாம் வாய் கிடையாது, கை மட்டும்தான். விடிந்ததும் விடியாததுமாகக் கினுயே என்னைக் கூரைத் தகரத்தில் ஏற்றிவிட்டாள். இறங்கியதும் கண்ணாடிகள். அது முடிந்ததும் கம்பம். விரல்கள் விறைத்துப்போய் வெந்நீர் எடுக்க உள்ளே வந்தேன். போகிற போக்கில் துண்டு அறையை எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிளக் தரையில் கிடந்தது. திரை கறுப்பாக இருந்தது.

பிளக்கை எடுத்துச் சொருகினேன். மெட்டு வந்தது. பட்டியல் வந்தது. செய்தவர்களே போட்டு வைத்திருந்த பொம்மைப் பெயர்கள் வரிசையாக நின்றன. என் பிள்ளை இல்லை.

"கினுயே!"

அவள் இருக்கும் திசையில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல! இருந்தது அவன் ஒருத்தன்தான். அவனையும் நீ... நீ கொன்னுட்டே கினுயே!"

சொல்லிவிட்டேன். சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"கத்தி முடிச்சாச்சா?"

நான் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழாகத் தேடினேன்.

"அப்போ உக்காருங்க."

"இது ஆவிப்பெட்டி இல்ல கினுயே. இது..."

"இரும்புத் தும்பி. என்னைப் பாத்தா துண்டுல இருக்கற கிருமி மாதிரியா தெரியுது?"

"இதுல நவோ பேரு இருந்துச்சு. அவன் கையால போட்ட பேரு. நுமாதா அண்ணன் இத்தனை வருசமா அணைக்காம..."

"தினமும் அணைச்சாரு."

"என்ன?"

"தினமும் அணைச்சாரு. எந்தக் கடைக்காரன் ராத்திரியெல்லாம் கரண்ட்டை எரிய விடுவான்? தினமும் பேரு போயிடும். திங்கக்கெழம காலையில எனக்காகப் பின்கதவத் தொறந்து வைப்பாரு. நான் ஆடி, பேரைப் போட்டுட்டு, அப்புறம்தான் கல்லறைக்குப் போவேன். மத்தியானம் நீங்க தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு வருவீங்க."

"நீ ஆடுவியா?"

"ஏன், ஆடக்கூடாதா?"

"ஆறு ஒன்பது வரைக்குமா? கெண்டியத் தாண்டியா?"

"காலமெல்லாம் அடுத்தவன் கழுத்துல கத்தி வெச்சுப் பொழைக்கறவளுக்கு ஒரு கெண்டி பெருசா?"

துண்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அவளும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் அங்க போனேன். அவன் பேரு எங்கயாவது இருக்கான்னு பாக்கத்தான் போனேன். இல்ல. எப்பவோ அழிஞ்சிருக்கும். எனக்குப் பொறுக்கல நவோ அப்பா. காசைப் போட்டேன். செத்துச் செத்துக் கத்துக்கிட்டேன். பேரைக் கீழ வெச்சா மத்த பசங்க தள்ளிவிட்டுடறாங்க. அதான் உச்சியில வெச்சேன். அங்க எண்ணிக்கையே நின்னுடுது, யாரும் தள்ள முடியாதுல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒருநாள் நுமாதா அண்ணன் சொன்னாரு. இவாவோ வந்து பேரைப் பாத்தான், தொப்பியக் கழட்டிட்டு நின்னான்னு. நவோவே போட்டதுன்னு நெனைச்சுட்டீங்க. அதுல போய் நான் எப்படி மண்ணைப் போடறது? கேட்டா அணைக்கறதில்லன்னு சொல்லுங்கன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

"இங்க வந்தப்புறம்?"

"பழைய சாமான், சூடேறித் தீப்பிடிச்சா? நீங்க தூங்கப் போனதும் பிடுங்கிடுவேன். காலையில நீங்க வாசலைப் பெருக்கி, கம்பத்தைத் துடைச்சு, மீன்கடைக்காரர்கிட்ட ஊர்வம்பு அளந்துட்டு வர்றதுக்குள்ள ஆடி முடிச்சுடுவேன்."

"அப்போ இன்னைக்கு?"

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் மடங்கியபடியே நின்றது. 'டக்' என்று நிமிர்த்த மற்றொரு கையால் இழுத்தாள். நிமிரவில்லை.

"களை பிடுங்கி வந்தது இல்லையா இது?"

"கல்லறையில ஏது அவ்வளவு களை? சிமெண்ட் தரை. வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு நடுவிரலைப் பொத்தான்மேல் வைத்து ஆட ஆரம்பித்தாள். நான் பார்க்கப் பார்க்க அந்தக் கொழுத்த தும்பி பூக்களுக்கு நடுவே தையல் ஊசி போல நுழைந்து நுழைந்து போனது. திரை முழுக்கக் குண்டு. மேசைக்கு மூச்சு முட்டியது. எல்லாம் மெதுவாயிற்று.

"இந்த இடம் வர்றப்பல்லாம் தோணும்," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்தப் பாலத்துத் திருப்பத்துலயும் இப்படி ஒருதரம் மெதுவாயிருக்கக் கூடாதா? கொஞ்சம். அவன் நகந்துக்கற அளவுக்கு."

நடுவிரல் பழக்கமில்லாத விரல். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டுத் தவறியது. தும்பி விழுந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இனிமே முடியாது. நீங்க ஆடுங்க."

"நானா? நான் கெண்டிகிட்டயே..."

"ஆடுங்க."

ஆடினேன். அவள் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பூவைத் தாண்டினேன், குருட்டாம்போக்கில். கெண்டி வந்தது. கொதிநீர் கொட்டியது. வழக்கம்போல இடது பக்கக் கீழ்மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டேன். கெண்டியின் மூக்கு அங்கே எட்டாது, அது என் வருடக்கணக்கான கண்டுபிடிப்பு. அங்கே போய் ஒளிந்தால் கெண்டி தன் மூடியைக் கழற்றித் தலையில் போடும், அதுவும் வருடக்கணக்காக எனக்குத் தெரியும். போட்டது. செத்தேன்.

பின்னால் கினுயே ஒரு மாதிரி சத்தம் போட்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

"அதே மூலை."

"என்ன?"

"அதே மூலைங்க. அவனும் அங்கதான் போய் ஒளிவான். ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் மூடி விழுந்து சாவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காதைப் பிடிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் பின்னாடி நின்னு பாத்துட்டிருப்பேன். அவனுக்குத் தெரியாது. ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் பிடிப்பேன். நடுவுல இழுத்தா பாவம்ல."

"அப்போ நவோ... கெண்டியத் தாண்டினதே இல்லையா?"

"ஒருநாளும் இல்ல." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்தாள். "உங்க பையன்தானே."

இத்தனை வருடம் நான் கட்டிக்காத்த மாவீரன் அந்தத் துண்டு அறையில் காணாமல் போனான். போகட்டும். அந்த இடது மூலையில், என்னைப் போலவே எதையும் கற்றுக்கொள்ளாமல், என்னைப் போலவே தோள்களைக் குறுக்கிக்கொண்டு ஒளிந்திருந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். தூசி இருக்கிற வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் எப்போது துப்புரவு முடிப்பது என்று அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

பட்டியலின் கடைசி வரியில் இடம் இருந்தது. மேசை பெயர் கேட்டது. என், ஏ, ஓ என்று தட்டினேன்.

"இதான் அவன் எடம்," என்றாள் கினுயே. "எப்பவும் கடைசி வரியிலதான் இருப்பான்."

புது வருடம் பிறந்ததும் இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். சிமெண்ட் தரைதான். நான் கீழே விழவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. ராத்திரி படுக்கப் போகும் முன் அவள் பிளக்கைப் பிடுங்குவாள். நவோ போய்விடுவான். காலையில் கடை திறக்கும் முன் நான் ஆடி, கெண்டியிடம் தோற்று, கடைசி வரியில் அவனைக் கொண்டுவந்து வைப்பேன். இதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். இருக்கிற திறமையே போதும்.

ஆனால் தினமும் ஆடினால் எந்த முட்டாளுக்கும் கை பழகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. செர்ரி பூக்கிற சமயத்தில் ஒருநாள் காலையில், மூலைக்கு ஓடாமல் என்னவோ ஒரு வேகத்தில் எதிர்த்து நின்றேன். கெண்டி ஆடியது. விரிசல் விட்டது. வெடித்தது. மூன்றாம் கட்டம் திறந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு கடல், அலையெல்லாம் வெள்ளி. வாழ்நாளில் நான் பார்க்காத இடம்.

"கினுயே! ஓடி வா! செத்துடுச்சு! கெண்டி செத்துடுச்சு!"

கையில் சூடான துண்டோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய்! என்னடி இது!"

"மறுபடி மொதல்லேர்ந்து போடுங்க," என்றாள். "ஒழுங்கா மூலையில போய்ச் செத்துட்டு, பேரைப் போட்டுட்டு வாங்க. சூப்பு ஆறுது."